டென்னிஸுக்கு மிஞ்சிய தோல்

துறைமுகக் கேட்டில் நின்ற காவலர் பாஸில் இருந்த போட்டோவைப் பார்த்தார், டென்னிஸைப் பார்த்தார், திரும்பவும் போட்டோவைப் பார்த்தார். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டன. டென்னிஸ் டிரெய்லர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, போட்டோவில் இருந்தவனைப் போல முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தான். கன்னத்தை உப்பிக்கூடக் காட்டினான்.

"இது நீ இல்லே," என்றார் காவலர். வடக்கே எங்கிருந்தோ வந்தவர். தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பார். "இது உங்க அண்ணனா?"

"நான்தான் சார். இளைச்சிட்டேன்."

"இவ்ளோவா?"

பின் வண்டியிலிருந்து டில்லிபாபு இறங்கி வந்தான். கொருக்குப்பேட்டைக்காரன், பதினைந்து வருஷத் தோஸ்து. "சார், போட்டோல கீறவன்தான் சார் இவன். பாதி கரைஞ்சி பூட்டான். மீதி இவன்தான்," என்றான். காவலர் சிரிக்கவில்லை. கடைசியில் ஒரு மிஷினைக் கொண்டுவந்து டென்னிஸின் கட்டைவிரலை வைக்கச் சொன்னார். பச்சை விளக்கு எரிந்தது. முகம் பொய் சொன்னாலும் விரல் சொல்லாது என்று அவருக்குத் திருப்தி. புதுப் போட்டோ கொடுத்து பாஸை மாற்றிக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினார்.

கல்மண்டபத்து ஸ்டுடியோவில் எடுத்த புதுப் போட்டோவை டென்னிஸ் வீட்டில் பழைய பாஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். பழையதில் சட்டத்துக்குள் அடங்காத ஒரு முகம், கழுத்தே இல்லை. புதியதில் ஒட்டிய கன்னம். தாடைக்குக் கீழே இரண்டு தோல் மடிப்புகள் காலர்வரை இறங்கியிருந்தன. ஸ்டுடியோக்காரர், "சாருக்கு உடம்பு முடியலையா? கழுத்த மட்டும் கொஞ்சம் டச் பண்ணிடட்டா?" என்று கேட்டிருந்தார். போட்டோக்களில் இருந்த இரண்டு பேரையுமே எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. இரண்டுமே தான்தான் என்பது மட்டும் மனசில் ஒட்டவே இல்லை.

டிரெய்லர் டிரைவர்கள் மத்தியில் டென்னிஸுக்குப் பெயர் ஃபுல் லோடு. நூற்று முப்பது கிலோவையும் தாண்டி இருந்த காலம் அது. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் வண்டிகள் வரிசையில் நிற்கும். காலையில் சேர்ந்த வண்டி துறைமுகத்துக்குள் போகப் பொழுது சாய்ந்துவிடும். உட்கார்ந்த இடத்திலேயே எல்லாம் வரும்: பர்மா நூடுல்ஸான அத்தோ, பஜ்ஜி, பாயா, பீஃப் பிரியாணி, அதற்கு மேல் டீ. டென்னிஸ் எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை. ஸ்டியரிங் வயிற்றில் உரசி உரசி சட்டையின் அந்த இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும். அதைப் பற்றி அவனுக்கு வெட்கமும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மகள் டெபோராவைக் கூட்டிக்கொண்டு காசிமேட்டுக் கடற்கரையில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அலையில் விழுவான். "எங்க டாடி எறங்கினா தண்ணி ஏறும்," என்று டெபோரா கூட்டாளிகளிடம் பெருமையடிப்பாள்.

ஒரு மத்தியானம் வரிசையில் நிற்கும்போதே தூங்கிவிட்டான். கால் பிரேக்கிலிருந்து நழுவி வண்டி மெல்ல முன்னால் உருண்டது. இரண்டு வண்டிக்கும் நடுவில் நின்று பல் குத்திக்கொண்டிருந்த டில்லிபாபு ஒரே தாவலாகத் தாவி மணலில் விழுந்தான். ஒரு விளக்கு உடைந்ததோடு போயிற்று. மறுநாளே டென்னிஸ் டாக்டரிடம் போனான். டாக்டர் பரிசோதித்துவிட்டு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால்தான் பகலில் கண் சொருகுகிறது, எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்றார். இப்படியே போனால் வண்டி ஓட்டவே கூடாது என்றும் சொன்னார்.

பயம் பிடித்துக்கொண்டது. சோறு ஒரு கைப்பிடியாயிற்று. மனைவி சுஜா மெடிக்கல் ஷாப்பில் பில் போடுகிறவள். வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவனுக்கு அவித்த மீனும் சுண்டலும் டப்பாவில் போட்டு வைத்துவிடுவாள். விடிவதற்குள் கடல் சுவரை ஒட்டி நடந்துவிட்டு வருவான். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. பழைய எடையில் ஏறக்குறைய அறுபது கிலோ குறைந்திருந்தது. மூச்சு சரியாயிற்று, பகல் தூக்கம் போயிற்று. பார்த்தவர்கள் எல்லாம் முதுகில் தட்டினார்கள். டிரைவர்கள் பெயரையும் மாற்றிவிட்டார்கள். யார்டுக்குத் திரும்பும் காலிக் கண்டெய்னரைச் சொல்வதுபோல, "எம்ப்டி வருது, வழி வுடு," என்று கத்துவார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

அப்புறம்தான் ஒரு நாள் குளித்துவிட்டு நிற்கும்போது கண்ணாடியில் கீழே பார்த்தான். வயிறு போய்விட்டது, வயிறு இருந்த பை போகவில்லை. அது அப்படியே மடிந்து இடுப்புக்குக் கீழே தொங்கிற்று. உட்கார்ந்தால் தொடைமேல் வந்து உட்கார்ந்துகொண்டது. நெஞ்சில் இரண்டு பக்கமும் வெற்றுப் பைகளாகச் சரிந்திருந்தது. கையை நீட்டினால் புஜத்தின் அடியில் ஆடியது. கண்டெய்னர் லாக்கைப் போட வண்டிமேல் ஏறிக் குதித்தால் அவன் நின்ற பிறகும் தோல் ஒரு தடவை ஆடிவிட்டுத்தான் நின்றது. படுக்கையில் ஒருக்களித்தால் அவன் முதலில் திரும்புவான், அது பின்னால் வரும்.

இப்படி ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. டாக்டர் சொல்லவில்லை, முதுகில் தட்டியவர்களும் சொல்லவில்லை. இளைத்தால் இருபது வயசில் பந்து ஆடிய உடம்பு திரும்பி வரும் என்று அவன்பாட்டுக்கு நினைத்திருந்தான். வந்ததோ ஒரு நடு வயசுக்காரனின் எலும்பும், அதற்குப் பொருந்தாத ஒரு பெரிய ஆளின் தோலும்.

வெயில் காலத்தில் அது வாதையாயிற்று. என்ஜின் சூட்டில் மடிப்புக்குள் வியர்வை தேங்கி சிவந்து எரிந்தது. சில நாள் ஒரு வாடை வந்தது. தன்னிடமிருந்துதான் வருகிறது என்று தெரிந்த நாளில் அவன் டீக்கடையில் யார் பக்கத்திலும் உட்காரவில்லை. பவுடரும் கிழிந்த வேட்டித் துணியும் வண்டியில் இருக்கையின் அடியில் இடம்பிடித்தன. மடிப்பில் துணியை வைத்து, இறுக்கமான பனியன் ஒன்றை மாட்டி, தோலை பேன்ட்டுக்குள் தள்ளி, அதற்கு மேல்தான் சட்டை.

காசிமேட்டு ஜிம்மில் சேர்ந்தான். "ஆறே மாசம்ணா, சும்மா டைட் ஆயிடும்," என்றார் அங்கே இருந்த மாஸ்டர். சதை வந்தது. கையில் பலம் வந்தது. தோல் மட்டும் பழையபடி சதைக்கு மேலே போர்வையாகக் கிடந்தது. நல்லெண்ணெய் தேய்த்தான். போனில் யாரோ சொன்னதைக் கேட்டு காபித்தூளைத் தேய்த்தான். குளியலறையில் காபி வாசனை வருகிறதே என்று டெபோரா கேட்டபோது, கொட்டிவிட்டது என்று பொய் சொன்னான். ஒரு நாள் விபரீதமாக ஒரு யோசனை வந்தது: திரும்பவும் சாப்பிட்டால் என்ன? பை நிரம்பிவிடுமே. எக்ஸ்பிரஸ் ரோட்டில் பழைய பிரியாணிக் கடையில் உட்கார்ந்து ஒரு பிளேட் சொன்னான். கடைக்காரருக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. பாதிகூட இறங்கவில்லை. பிளேட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தான். என்ன செய்வதற்காக அங்கே போனோம் என்றே வண்டிக்கு வந்த பிறகு புரியவில்லை.

குண்டாக இருந்தபோது ஊரறியச் சட்டையைக் கழற்றியவன், இளைத்த பிறகு சொந்த வீட்டில் சட்டையைக் கழற்றுவதை நிறுத்தினான். குளியலறையிலேயே முழுசாக உடுத்திக்கொண்டு வந்தான். புழுக்கம் என்று சொல்லி ஹாலில் பாயைப் போட்டுக்கொண்டான். சுஜா பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவான். ஞாயிற்றுக்கிழமைக் கடல் நின்றுபோனது. "டாடிக்கு டூட்டி," என்று டெபோராவுக்கு ஒரே பதில். அவளுக்குப் பதினாறு வயது. இரண்டாம் தடவைக்கு மேல் அவளும் கேட்கவில்லை.

அந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில்தான் விஷயம் வெடித்தது.

பிரசங்கம் முடிந்து, எல்லோருக்காகவும் வேண்டிக்கொள்ளும் மன்றாட்டு வாசிக்கும் நேரம். ஞானம் டீச்சர் மைக் முன்னால் நின்று ஒவ்வொன்றாக வாசித்தார். உலக சமாதானத்துக்காக, மழைக்காக, தேர்வு எழுதும் பிள்ளைகளுக்காக. அதற்கடுத்து, "நோயின் பிடியில் வாடும் நம் பங்குச் சகோதரர் டென்னிஸ் நல்ல உடல்நலம் பெற்றிட, இறைவா, உம்மை மன்றாடுகிறோம்," என்று வாசித்தார்.

யாரோ ஒரு டென்னிஸ், பாவம், என்று நினைத்துக்கொண்டு அவனும் எல்லோரோடும் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்," என்று உரக்கச் சொன்னான். சொல்லி முடித்த பிறகுதான் முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. இந்தக் கோயில் பங்கில் வேறு எந்த டென்னிஸ் இருக்கிறான் என்று யோசித்தான். ஒருவரும் ஞாபகத்துக்கு வரவில்லை. பக்கத்து பெஞ்சுக்காரர் அவன் தோளை மெல்ல அழுத்தினார்.

பூசை முடிந்து வாசலில் ஞானம் டீச்சர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "தைரியமா இருப்பா. டெஸ்ட் எல்லாம் எட்த்தாச்சா? எந்த ஸ்டேஜ்ல கீதுன்றாங்க?"

"எது டீச்சர்?"

"ஐயோ, உன்னாண்ட சொல்லலயா?" டீச்சர் முகம் வெளுத்துவிட்டது.

"என் பேர யார் குட்த்தாங்க டீச்சர்?"

"உன் வூட்டுக்காரிதான்பா. வெள்ளிக்கெழம வந்து அழுதுச்சு."

வீடு கோயிலுக்குப் பின் சந்தில்தான். அந்தச் சின்ன தூரத்துக்குள் டென்னிஸுக்கு மண்டைக்குள் என்னென்னவோ ஓடியது. தனக்கே தெரியாமல் ஏதாவது நோய் இருக்கிறதா? மெடிக்கல் ஷாப்பில் இருப்பதால் சுஜாவுக்கு மட்டும் யாராவது டாக்டர் சொல்லியிருக்கிறாரா? போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரி என்றுதானே எழுதியிருந்தது?

சுஜா முதல் பூசைக்கே போய்விட்டு வந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். டெபோரா டியூஷன் போயிருந்தாள்.

"எனக்கு இன்னா நோவு?" என்று கேட்டான். சண்டை போடத்தான் வந்தான். வாயைத் திறந்ததும் கேள்விதான் வந்தது.

சுஜா நிமிரவில்லை. "அத்த நீதான் சொல்லணும்."

"கோயில்ல பேர குட்த்துட்டு வந்து என்னாண்ட கேக்கற?"

"வேற இன்னா பண்ணச் சொல்ற?" கத்தியைக் கீழே வைத்தாள். "கூட வந்து படுக்க மாட்டன்ற. குளிச்சிட்டு வரும்போதே பட்டன் போட்டுகினு வர. கிட்ட வந்தா எழுந்து ஓடற. உன் பேன்ட தோய்க்கறப்ப ஜேப்புல ஒரு ஆயின்மென்ட் டியூபு. நான் மெடிக்கல்ல வேலை செய்றவ, அது எந்த எடத்துல தடவறதுன்னு எனக்குத் தெரியாதா? எங்கனா போயி எவளாண்டயாவது வாங்கிகினு வந்த நோவோன்னு ஒரு நாள் நெனப்பேன். இல்ல, ஏதோ பெரிய வியாதி, எங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு மறைக்கற போலன்னு மறுநாள் நெனப்பேன். இன்னான்னு சொல்லி வேண்டிக்கறதுன்னுகூடப் புரியல. அதான் பொதுவா நோவுன்னு எழுதிக் குட்த்தேன்."

அவளுக்கு அப்படியெல்லாம் தோன்றியிருக்கும் என்று ஒரு தடவைகூட அவன் நினைத்ததில்லை. தோலை மறைக்கிறோம் என்று நினைத்தானே தவிர, மறைக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியும் என்று நினைக்கவில்லை.

கதவைச் சாத்தினான். சட்டையைக் கழற்றினான். அந்த இறுக்கப் பனியன் பாதியில் தலையில் மாட்டிக்கொண்டது. இரண்டு கையும் மேலே, முகம் துணிக்குள். "இழு," என்றான். சுஜா மீன் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வந்து இழுத்தாள். வெளியே வந்தபோது அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான், அருவருப்படைவாள் என்று எதிர்பார்த்தான், அழுவாள் என்றும் எதிர்பார்த்தான்.

"வலிக்குதா?" என்று கேட்டாள்.

அதை அவன் எதிர்பார்க்கவில்லை. "வலிக்காது. எரியும்."

அவள் குனிந்து வயிற்று மடிப்பை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். அடியில் ரத்தம் கட்டினாற்போலச் சிவந்திருந்தது. ஓரத்தில் தோல் உரிந்திருந்தது. "லூசு," என்றாள். "இத்த வெச்சிகினா வண்டி ஓட்ற? இதுக்கு இந்த ஆயின்மென்டும் இல்ல, வேற கீது." அதற்கப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும். "நான் எத்தினி நாளு தூங்கல தெரியுமா?"

"எப்படிக் காட்றது சுஜா? பாக்கறதுக்கே கலீஜா கீது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என்ன நினைத்தாளோ, புடவையை விலக்கித் தன் அடிவயிற்றைப் பிடித்துக் காட்டினாள். வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் ஓடிய தோல், அவள் கைக்குள் மடிந்து நின்றது. "டெபோரா பொறந்ததுலேர்ந்து இப்படித்தான் கீது. கலீஜா?"

டென்னிஸ் பார்த்தான். பதினாறு வருஷமாகப் பக்கத்தில் படுத்தவன். கண்ணில் பட்டிருக்கும், படாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் இன்றுதான் பார்க்கிறான். அதைப் பார்த்து அவனுக்கு ஒன்றுமே தோன்றவில்லை, சுஜாவின் வயிறு அவ்வளவுதான். அதே மாதிரி ஒன்று தன் மேல் இருந்தால் மட்டும் ஏன் குமட்டுகிறது? கேட்கலாம் என்று வாயெடுத்தான். கேள்வி ஒழுங்காக வரவில்லை. சுஜா அதற்குள் மீனுக்குத் திரும்பிவிட்டாள்.

அடுத்த வாரம் அவளே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தீக்காயம் பட்டவர்களும் கை நசுங்கியவர்களும் உட்கார்ந்திருந்த வரிசையில் இவனும் உட்கார்ந்தான். ஒருவர், "உங்களுக்கு இன்னா அடி?" என்று கேட்டார். டென்னிஸ் கொஞ்சம் யோசித்து, "அடி இல்ல," என்று மட்டும் சொன்னான். தான் அந்த வரிசையில் இருக்கலாமா என்பதே அவனுக்குச் சந்தேகமாக இருந்தது.

டாக்டரம்மா துணிக்கடையில் துணியைப் பிடித்துப் பார்ப்பதுபோல அவன் வயிற்றை இழுத்துப் பார்த்தார். சுற்றிலும் மாணவர்கள். ஒரு நீலத் துணிக்கு முன்னால் நிற்கவைத்து, முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று படம் எடுத்தார்கள்.

"நீங்க எவ்வளவு உடற்பயிற்சி செஞ்சாலும் சதைதான் கூடும், இந்தத் தோல் சுருங்காது," என்றார் டாக்டர். "ரொம்ப வருஷம் இழுபட்டு அதோட பிடிப்பு போயிடுச்சு. எண்ணெயும் க்ரீமும் வீண். உங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல. இவ்வளவு எடை குறைச்சா நிறைய பேருக்கு இப்படித்தான் ஆகும்."

"அப்ப வழி?"

"அடிக்கடி புண் வர்றதால வயித்துத் தோலை ஆபரேஷன் பண்ணி எடுக்கலாம். நெஞ்சு, கை எல்லாம் அப்புறம் யோசிக்கலாம். ஆனா இந்த இடுப்புலேர்ந்து அந்த இடுப்பு வரைக்கும் தழும்பு இருக்கும், போகாது. தொப்புளை வேற இடத்துல வைக்க வேண்டியிருக்கும். கொஞ்ச நாள் வண்டி ஓட்டக் கூடாது. மொதல்ல உங்க எடை சில மாசம் ஏறாம இறங்காம நிக்கட்டும். அதுக்குள்ள வேணுமா வேணாமான்னு முடிவு பண்ணிட்டு வாங்க."

தொப்புளை இடம் மாற்றுவார்கள் என்றதிலேயே டென்னிஸ் நின்றுவிட்டான். மீதி எதுவும் காதில் ஏறவில்லை.

வேணுமா, வேணாமா? அந்த மாதங்களில் அவன் ஒரு முடிவுக்கு வந்து காலையில் எழுந்தால் மாலைக்குள் அது மாறியிருக்கும். உயிருக்கு ஆபத்தில்லாத ஒன்றுக்காகக் கத்தி வைத்துக்கொள்வது பேராசையா? அழகுக்காகவா இது, எரிச்சலுக்காகவா? எரிச்சலுக்காகத்தான் என்று மற்றவர்களிடம் சொன்னான். ஆனால் எரிச்சல் இல்லாத நாளிலும் கண்ணாடியைப் பார்க்க முடியவில்லையே.

டில்லிபாபுவிடம் விஷயத்தைச் சொன்னான். அவன் ரொம்ப யோசிக்கவில்லை. "என்ஜின் நல்லாருக்கு, பிரேக் நல்லாருக்கு, வண்டி ஓடுது. அப்புறம் இன்னாத்துக்கு மாமு புதுசா பாடி கட்டற?" என்றான். கேட்டதும் சரி என்று பட்டது. வீட்டுக்கு வந்து சுஜாவிடம் சொன்னால், அவள், "அவன் மேலயா எரியுது?" என்று கேட்டாள். அதுவும் சரி என்று பட்டது. "நீயே சொல்லேன் சுஜா," என்று கெஞ்சினான்.

"உன் தோலு. நான் எப்படிச் சொல்றது? எனக்கு இப்படியும் ஓகே, அப்படியும் ஓகே."

அவனுக்கு அதுதான் பிடிக்கவில்லை. யாராவது ஒருவர் செய் என்றோ செய்யாதே என்றோ அதட்டினால் தேவலை என்றிருந்தது.

கடைசியில் முடிவை அவன் எடுக்கவில்லை. ஐப்பசி மழையில் துணி எதுவும் காயவில்லை. ஈரப் பனியனோடு இரண்டு நாள் யார்டுக்குள் தண்ணீரில் நின்றான். மடிப்புக்குள் இருந்த புண் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்துவிட்டது. வண்டியை டில்லிபாபுவிடம் கொடுத்துவிட்டுப் படுத்தவன், எழுந்து உட்கார ரொம்ப நாளாயிற்று. புண் ஆறியதும் டாக்டரம்மாவிடம் போய், "எட்த்துடுங்க மேடம்," என்றான். வெயில் தொடங்குவதற்கு முன்னால் ஆபரேஷன் நடந்தது.

மயக்கம் தெளிந்தபோது வயிற்றில் யாரோ பெல்ட்டை இழுத்து மாட்டியதுபோல இருந்தது. நிமிர்ந்து நிற்க முடியவில்லை. கூனிக்கொண்டே கழிப்பறைக்குப் போனான். பக்கத்தில் ரத்த நீர் வடியும் குழாயும் பையும் கூடவே வந்தன. எடுத்த தோல் நாலு கிலோவுக்கு மேல் என்று டாக்டர் சொன்னார். அன்று சாயங்காலம் நர்ஸ் அஜீசுன்னிசா கட்டு மாற்ற வந்தபோது அவன் மெல்லக் கேட்டான்.

"சிஸ்டர், அந்தத் தோல இன்னா பண்ணுவீங்க?"

"எரிக்கறதுக்கு அனுப்பிடுவாங்க. ஏன், வேணுமா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கவில்லை. ஒன்றரை வருஷம் அதை வெறுத்திருந்தான். இப்போது அது எங்கேயோ ஆஸ்பத்திரிக் கழிவு போடும் ஒரு மஞ்சள் பையில் கிடக்கிறது. நாலு கிலோ டென்னிஸ், ஜெபம் இல்லாமல், மண் போடாமல் போய்விட்டான். இதை யாரிடம் சொல்வது? சொன்னால் மூளைக்கும் டாக்டரைப் பார்க்கச் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பங்கின் சின்ன ஃபாதர் ஆஸ்பத்திரிக்கே நற்கருணை அப்பம் கொண்டுவந்தார். குருப்பட்டம் வாங்கி ரொம்ப நாள் ஆகாதவர். ஜெபம் முடிந்து கிளம்பும்போது டென்னிஸ் அவரை நிறுத்தினான்.

"ஃபாதர், உடலின் உயிர்ப்ப நம்பறோம்ல?"

"ஆமா."

"கடைசி நாள்ல நான் எந்த உடம்போட எழுந்திருப்பேன்? பழைய குண்டு உடம்பா, தோலு தொங்கின உடம்பா, இப்ப கீற இதா?"

ஃபாதர் சிரிக்கத்தான் போனார். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மகிமையான உடல் என்று சொல்லியிருக்கிறது, அதில் குறையே இருக்காது என்றார்.

"குறைன்னா எது ஃபாதர் குறை? குண்டா இருக்கசொல்ல நான் சந்தோசமாத்தான் இருந்தேன்."

"எனக்குத் தெரியல டென்னிஸ் அண்ணே. படிச்சப்ப இப்படி யாரும் கேக்கல," என்றார். போகும்போது அவன் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். தெரியாது என்று அவர் சொன்னது டென்னிஸுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஏன் என்று அவனால் சொல்ல முடியவில்லை.

மறுபடி வண்டி ஏறுவதற்குள் கோடை முடிந்துவிட்டது. எரிச்சல் இல்லை, வாடை இல்லை, துணி மடித்து வைக்க வேண்டாம். அதில் சந்தேகமே இல்லாத நிம்மதி. தழும்பு இடுப்பைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டியதுபோல ஓடியது. தொப்புள் இருந்தது, ஆனால் பழைய தொப்புளின் முகச்சாடை அதற்கு இல்லை. குளிக்கும்போது சோப்புப் போட்ட விரல் பழைய இடத்துக்கே போய்த் தேடிவிட்டு வரும். வயிறு தட்டையானதும் நெஞ்சில் தொங்குவது முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. "மேல ஒரு ஆளு, கீழ ஒரு ஆளு," என்று சுஜா ஒரு நாள் சிரித்தாள். அவனும் சிரித்தான். ஹாலில் போட்டிருந்த பாயைச் சுருட்டி வைத்தாயிற்று.

அடுத்த தடவை காட்டப் போனபோது டாக்டரம்மா, "நெஞ்சுக்கும் பண்ணிடலாமா?" என்று கேட்டார். டென்னிஸ் தெரியலை மேடம் என்றான். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் ஒன்றும் எழுதாமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்க மூன்று பேரும் எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடைக்குப் போனார்கள். டெபோரா தன் கவுனை முதலிலேயே எடுத்துக்கொண்டு போனில் மூழ்கிவிட்டாள். சட்டைப் பிரிவில் இருந்த பெண் டென்னிஸை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன சைஸ் சார்?"

டென்னிஸ் சுஜாவைப் பார்த்தான். சுஜா அவனைப் பார்த்தாள். ரொம்ப நாளாகப் பழைய சட்டைகளைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டிருந்தவனுக்குத் தன் அளவு என்னவென்று யோசித்தே பழக்கமில்லை. அந்தப் பெண்ணே இரண்டு சட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

துணி மாற்றும் அறைக்குள் மூன்று பக்கமும் கண்ணாடி. விளக்கு பளீரென்று எரிந்தது. டென்னிஸ் சட்டையைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றான். இவ்வளவு பக்கத்திலிருந்து ஒரே நேரத்தில் இத்தனை டென்னிஸ்களை அவன் பார்த்ததில்லை. ஒருவன் நெஞ்சைக் காட்டினான், ஒருவன் முதுகைக் காட்டினான், ஒருவனின் இடுப்பில் தழும்பு ஒரு முனையில் வளைந்து போயிற்று. யாரையும் பிடிக்கவில்லை என்று சொல்வதற்கில்லை. பிடித்திருக்கிறது என்றும் சொல்ல வரவில்லை. ஒரு நீலச் சட்டையை எடுத்து மாட்டினான்.

"இன்னா, சரியா கீதா?" வெளியே இருந்து சுஜா கேட்டாள்.

கதவைத் திறந்து நின்றான். அவள் காலரை இழுத்துப் பார்த்தாள், தோளில் கையால் தட்டினாள், கீழே இருந்த துணியைப் பிடித்துப் பார்த்தாள். "தோள்ல நிக்குது. அடியில தொளதொளன்னு கீது. சின்னது கேக்கட்டா?"

"சின்னது போட்டா நெஞ்சாண்ட பிடிக்கும்."

"அப்ப பெருசாவே இருக்கட்டா?"

"தெரியலயே."

சுஜா பின்னால் நகர்ந்து தலையைச் சாய்த்து இன்னொரு தடவை பார்த்தாள். "இதுவே இருக்கட்டும். கலரு உனக்கு நல்லா கீது," என்று சொல்லிவிட்டு, பில் போடும் இடம் எங்கே என்று அந்தப் பெண்ணிடம் கேட்கப் போனாள். டென்னிஸ் சட்டையைக் கழற்றாமல் அப்படியே அவள் பின்னால் நடந்தான்.